ஏசி, ஃபிரிட்ஜ், கோல்ட் ரூம்: கரண்ட் செலவு குறைய என்ன பண்ணணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசி, ஃபிரிட்ஜ் சர்வீஸ் வேலையில பல வருஷமா இருக்கேன், சின்ன வீட்டு ஃபிரிட்ஜ்ல இருந்து பெரிய கட்டடத்து சில்லர் (தண்ணிய குளிர வச்சு கட்டடம் முழுக்க அனுப்புற மெஷின்) வரைக்கும் கை வச்சிருக்கேன். போற இடத்துல எல்லாம் ஒரே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது, வாயால சொல்லிட்டு வந்தா ரெண்டு நாள்ல மறந்துடுறாங்க, அதனால எல்லாத்தையும் இங்க எழுதி வைக்கிறேன். கணக்கு வர்ற இடத்துல கணக்கோடயே சொல்றேன், ஏன்னா காரணம் புரிஞ்சிட்டா மத்ததை நீங்களே யோசிச்சுக்கலாம்.

கரண்ட் எங்கதான் செலவாகுது? குளிரை உண்டாக்கவா?

குளிர்னு ஒண்ணை யாரும் உண்டாக்க முடியாதுங்க. உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய கொண்டுபோய் கொட்டுறதுதான் மொத்த வேலையும். சூடு தானா போகணும்னா சூடான இடத்துல இருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும், நமக்கு வேண்டியது தலைகீழா இருக்கு, குளிர்ந்த ரூம்ல இருந்து வெயில் அடிக்கிற வெளிப்பக்கத்துக்குத் தள்ளணும். கீழ இருக்கிற தண்ணிய மோட்டார் போட்டு மொட்டைமாடி தொட்டிக்கு ஏத்துற மாதிரிதான். தொட்டி எவ்வளவு உயரத்துல இருக்கோ மோட்டாருக்கு அவ்வளவு சிரமம், எவ்வளவு தண்ணி ஏத்துறோமோ அவ்வளவு நேரம் ஓடும்.

இங்க "உயரம்"னா ரெண்டு டெம்பரேச்சருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். மெஷினுக்குள்ள சுத்தி வந்து சூட்டைச் சுமக்கிறது கேஸ், அது ஓடுற சுருள் குழாய்தான் காயில். உள்பக்க காயில்ல கேஸ் கொதிக்கிற டெம்பரேச்சர் ஒண்ணு, வெளிப்பக்க காயில்ல கேஸ் திரும்ப திரவமா மாறுற டெம்பரேச்சர் இன்னொண்ணு. உள்ள 7 டிகிரி, வெளிய 47 டிகிரின்னு வச்சுக்கோங்க, வித்தியாசம் 40. இயற்பியல் விதிப்படி ஒரு யூனிட் கரண்டுக்கு அதிகபட்சம் 7 யூனிட் சூட்டை நகர்த்தலாம் (உள்ள இருக்கிற 7 டிகிரியோட 273 கூட்டினா 280 கெல்வின், அதை 40ஆல வகுத்தா 7). வெளிய காயில் அழுக்காகி அந்த 47 வந்து 57 ஆயிடுச்சுன்னா வித்தியாசம் 50, அதிகபட்சமே 5.6தான். அதாவது அதே குளிர்ச்சிக்கு கால் பங்கு கரண்ட் கூட. நிஜ மெஷின் எதுவும் இந்த அதிகபட்சத்தைத் தொடாது, பாதியை எட்டினாலே நல்ல மெஷின், ஆனா விகிதம் இப்படித்தான் போகும். ஒரு டிகிரி வித்தியாசம் குறைஞ்சா 2ல இருந்து 4 சதவீதம் மிச்சம்னு எங்க ஃபீல்டுல சொல்ற கணக்கும் இதுல இருந்து வந்ததுதான்.

ஆக ரெண்டே வழி. உள்ள வர்ற சூட்டையே குறைக்கணும், வந்த சூட்டை ஏத்துற உயரத்தைக் குறைக்கணும். கீழ இருக்கிற எல்லா பதிலும் இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணுதான்.

"ஒரு டன் ஏசி"னா என்ன, மெஷினோட எடையா?

எடை இல்ல. ஐஸ் கட்டி வச்சு குளிர வச்ச காலத்துல இருந்து வந்த அளவு. ஒரு டன் ஐஸ் (அமெரிக்க டன், 907 கிலோ) 24 மணி நேரத்துல உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்குமோ அதுதான் ஒரு டன், கிட்டத்தட்ட 3.5 கிலோவாட். இது குளிர்ச்சியோட அளவு, கரண்டோட அளவு இல்ல. நல்ல ஒரு டன் மெஷின் ஒரு கிலோவாட்டுக்கும் கம்மியா கரண்ட் எடுத்துகிட்டே இந்த வேலைய முடிச்சிடும்.

ரிமோட்ல 16 வச்சா சீக்கிரம் குளிருமா?

சாதா ஏசில சுத்தமா கிடையாது. கம்ப்ரசர் (கேஸை அழுத்தித் தள்ளுற மோட்டார்) ஒரே வேகத்துலதான் ஓடும், 24 வச்சாலும் 16 வச்சாலும் ரூம் 24க்கு வர்ற நேரம் ஒண்ணுதான், 16 வச்சா 24ல நிக்காம கீழ இறங்கிகிட்டே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பல ரூம்ல 16ஐ மெஷினால தொடவே முடியாது, ராத்திரி முழுக்க நிக்காம ஓடும். இன்வெர்ட்டர் ஏசில (தேவைக்கு ஏத்த மாதிரி கம்ப்ரசர் வேகத்தை மாத்துற ஏசி) கீழ வச்சா கம்ப்ரசர் ஃபுல் வேகத்துல போகும்தான், ஆனா ரூம் சூடா இருக்கும்போது 24 வச்சாலே அது ஃபுல் வேகத்துலதான் ஆரம்பிக்கும்.

ஒரு டிகிரி மேல வச்சா உயரமும் குறையுது, உள்ள வர்ற சூடும் குறையுது, சுமார் 6 சதவீதம் மிச்சம்னு பொதுவா சொல்லுவாங்க, ரூமைப் பொறுத்து கூடக் குறைய இருக்கும். நான் சொல்றது 25 அல்லது 26 வச்சிட்டு ஃபேனைப் போடுங்க. மேல காத்து பட்டா உடம்புக்கு 2, 3 டிகிரி கம்மியாதான் தெரியும், சாதா சீலிங் ஃபேன் எடுக்கிறது 75 வாட் பக்கம், பிஎல்டிசி ஃபேன்னா (கரண்ட் கம்மியா எடுக்கிற புது வகை மோட்டார் போட்டது) அதுல பாதிக்கும் கீழ. அதே 2, 3 டிகிரிய கம்ப்ரசர் மூலமா இறக்கணும்னா அதைவிட ரொம்ப செலவாகும். ஆள் இல்லாத ரூம்ல ஃபேனை நிறுத்திடுங்க, ஃபேன் ரூமைக் குளிர வைக்காது, உடம்பைத்தான் குளிர வைக்கும், மோட்டார் சூடு உள்ளயே தங்கும்.

கொஞ்ச நேரம் வெளிய போனா ஏசிய ஆஃப் பண்ணணுமா, இல்ல ஓட விடுறதுதான் லாபமா? திரும்ப குளிர வைக்க ரொம்ப கரண்ட் எடுக்கும்னு சொல்றாங்களே?

ஆஃப் பண்றதுதான் லாபம். உள்ள வெளிய டெம்பரேச்சர் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு சூடு சுவர் வழியா உள்ள வந்துகிட்டே இருக்கும். ஓட விட்டா வித்தியாசம் முழுசா இருக்கு, சூடு முழு வேகத்துல வருது, வர்ற சூட்டை எல்லாம் மெஷின் வெளிய தள்ளிகிட்டே இருக்கு. ஆஃப் பண்ணா ரூம் சூடாக ஆக வித்தியாசம் குறையும், உள்ள வர்ற சூடும் குறையும். திரும்ப ஆன் பண்ணும்போது சேர்ந்த சூட்டை எடுத்தா போதும், அது எப்பவும் ஓட விட்டு எடுத்திருக்க வேண்டிய சூட்டைவிட கம்மிதான். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னா விட்டுடுங்க, அடிக்கடி ஆன் ஆஃப் கம்ப்ரசருக்கு நல்லதில்ல. அரை மணிக்கு மேலன்னா யோசிக்காம நிறுத்துங்க.

டெம்பரேச்சர் 24 காட்டுது, ஆனா புழுக்கமா இருக்கு, ஏன்?

ஈரப்பதம். இந்த விஷயத்தைப் பல பேர் கணக்குலயே எடுக்கிறதில்ல. நவீன ஏசியோட கதையே ஈரத்துலதான் ஆரம்பிச்சது, 1902ல வில்லிஸ் கேரியர் நியூயார்க் புரூக்ளின்ல ஒரு அச்சகத்துக்குத்தான் முதல்ல டிசைன் பண்ணார். காத்துல ஈரம் மாறி மாறி பேப்பர் விரிஞ்சு சுருங்கி கலர் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரல, அதுதான் அவங்க பிரச்சனை, மனுஷன் சௌகரியம் எல்லாம் அப்புறம்தான் வந்துச்சு.

ஏசில இருந்து பைப் வழியா ஒழுகுற தண்ணிய பாத்திருப்பீங்க. காத்துல ஆவியா இருந்ததை காயில் தண்ணியா மாத்தி வெளிய விடுது, ஒரு லிட்டர் ஆவிய தண்ணியாக்க கிட்டத்தட்ட 0.68 யூனிட் சூட்டை எடுத்தாகணும். ராத்திரி முழுக்க 8 லிட்டர் வந்துச்சுன்னா 5.4 யூனிட் சூடு, மெஷின் ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் சூட்டை நகர்த்துதுன்னு வச்சா வெறும் ஈரத்துக்கு மட்டும் 1.8 யூனிட் கரண்ட் போயிருக்கு. அதனால கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு அடைக்கிறது, குளியலறைக் கதவை மூடி வைக்கிறது, ஈரத்துணிய ஏசி ரூம்ல காயப்போடாம இருக்கிறது எல்லாம் சின்ன விஷயம் இல்ல. ஈரம் கம்மியா இருந்தா 26 டிகிரியே சுகமா இருக்கும். மழைக்காலத்துல சூடு இல்ல, புழுக்கம்தான் அதிகம்னா டிரை மோட் போடுங்க, ஃபேன் வேகத்தைக் குறைச்சு ஈரத்தை நல்லா இழுக்கும்.

பெரிய ரூம் இல்ல, ஆனாலும் பாதுகாப்புக்கு ரெண்டு டன் போட்டுடலாமா?

வேண்டாங்க. தேவைக்கு மேல பெரிய மெஷின் போட்டா அஞ்சு நிமிஷத்துல காத்தைக் குளிர வச்சிட்டு கட் ஆஃப் ஆயிடும், காயில்ல ஈரம் சேர்ந்து சொட்ட நேரமே கிடைக்காது, காயில்ல நிக்கிற தண்ணியும் திரும்ப ரூமுக்குள்ளயே ஆவியாகும். ரூம் சில்லுன்னும் இருக்கும் பிசுபிசுன்னும் இருக்கும், நீங்க இன்னும் ரெண்டு டிகிரி குறைப்பீங்க. ஒவ்வொரு தடவ கம்ப்ரசர் கிளம்பும்போதும் பிரஷர் ஏறி செட் ஆகுற வரைக்கும் கரண்ட் வேஸ்ட். ரூம் அளவு மட்டும் பாத்து டன் சொல்றவங்களை நம்பாதீங்க, மேல் மாடியா, எந்தப் பக்க ஜன்னல், எத்தனை பேர் உக்காருவாங்க, உள்ள என்ன மெஷின் ஓடுது எல்லாம் கேட்டுட்டுத்தான் சொல்லணும்.

இன்வெர்ட்டர் ஏசி உண்மையிலேயே மிச்சம் பண்ணுமா?

பண்ணும், ஆனா எதனாலன்னு பலரும் தப்பா புரிஞ்சிருக்காங்க. கிளம்புறப்ப கரண்ட் எடுக்காதுங்கிறது பாதி காரணம்தான். முக்கியமான விஷயம் வேற. கம்ப்ரசர் பாதி வேகத்துல ஓடும்போது நகர்த்துற சூடு பாதி, ஆனா காயில் அதே அளவுதான் இருக்கு, பாதி சூட்டுக்கு முழு காயில் கிடைக்குது. அப்போ வெளிப்பக்கம் 47க்குப் பதிலா 42லயே சூட்டைக் கொட்டிட முடியும், உள்பக்கம் 7க்குப் பதிலா 11லயே எடுத்துட முடியும். முதல்ல சொன்னேன்ல உயரம், அது ரெண்டு பக்கமும் குறையுது. ஃபேனுக்கும் அப்படித்தான், வேகத்தை 80 சதவீதமாக்கினா எடுக்கிற கரண்ட் பாதிக்கு வந்துடும், வேகத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி குறையும்.

அதனால தினம் பல மணி நேரம் ஓடுற ரூமுக்கு இன்வெர்ட்டர் கண்டிப்பா நல்லது. வாரத்துல ஒரு நாள் ஒரு மணி நேரம் போடுற ரூம்னா அந்த ஒரு மணி நேரமும் அது ஃபுல் வேகத்துலதான் ஓடும், பெருசா வித்தியாசம் வராது. வாங்கும்போது முழு லோடுல என்ன திறன்னு மட்டும் பாக்காம சீசன் முழுக்க கணக்குப் போட்ட திறன் எண்ணைப் பாருங்க.

சர்வீஸ் உண்மையிலேயே தேவையா, இல்ல நீங்க சம்பாதிக்க சொல்றீங்களா?

நியாயமான கேள்வி, அதனால நீங்களே செக் பண்ணிக்கிற மாதிரி சொல்றேன். ஃபில்டரைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. அந்தப் பக்கம் தெரியலன்னா காத்தும் போகலன்னு அர்த்தம். காத்து போகலன்னா உள்பக்க காயில் இன்னும் ஜில்லுன்னு போகும், ஜில்லுன்னு போனா நல்லதுதானேன்னு தோணும், இல்ல, கேஸ் கொதிக்கிற டெம்பரேச்சர் கீழ போகுது, ஏத்துற உயரம் கூடுது, கடைசில காயில் மேல ஐஸ் பிடிச்சு காத்து முழுசா நின்னுடும். ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ குழாய்த் தண்ணில கழுவி நிழல்ல காய வச்சு மாட்டுங்க, இதுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

ரெண்டாவது, அவுட்டோர் யூனிட். இதை யாரும் பாக்குறதே இல்ல, ஏன்னா அது கண்ணுக்குத் தெரியாத இடத்துல தொங்கிகிட்டு இருக்கும். பின்பக்கம் போய் பாத்தீங்கன்னா காயில் மேல கம்பளி போத்தின மாதிரி தூசி படிஞ்சிருக்கும். ஒரு தடவ குளிரவே இல்ல, கேஸ் போயிடுச்சு, கேஸ் போடுங்கன்னு ஒரு வீட்டுல கூப்பிட்டாங்க. நான் கேஜ் (கேஸ் பிரஷர் பாக்கிற மீட்டர்) மாட்டுறதுக்கு முன்னாடி யூனிட் பின்னாடி கைய வச்சேன், உள்ள இழுக்கிற காத்தே இல்ல, விரலால ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா தூசி துணி மாதிரி ஒரே தகடா உரிஞ்சு வந்துச்சு, கீழ ஒரு பக்கம் புறா கூட்டுக் குச்சி வேற. கிளாம்ப் மீட்டர் போட்டு ஆம்பியரை எழுதி வச்சேன், அப்புறம் மெஷினை நிறுத்தி ஃபின்ஸ் (காயில் மேல இருக்கிற மெல்லிய தகடுங்க) மடங்காம உள்பக்கத்துல இருந்து வெளிய தண்ணி அடிச்சு கழுவினேன், முக்கால் மணி நேரம் ஆச்சு. திரும்பப் போட்டா ஆம்பியர் நல்லா இறங்கிடுச்சு, உள்ள காத்து ஜில்லுன்னு வருது, கேஸ் ஒரு கிராம் கூட போடல. அன்னைக்கு கேஸ் போட்டிருந்தா அவங்களுக்கு செலவும் ஆகியிருக்கும், பிரஷர் இன்னும் ஏறி கம்ப்ரசரும் போயிருக்கும்.

சர்வீஸ் பண்ற ஆள்கிட்ட கழுவுறதுக்கு முன்ன எத்தனை ஆம்பியர், பின்ன எத்தனை ஆம்பியர்னு எழுதிக் கேளுங்க. அதேபோல ரூம்ல இருக்கிற யூனிட்டுக்குள்ள போற காத்துக்கும் அதுல இருந்து வெளிய வர்ற காத்துக்கும் டெம்பரேச்சர் வித்தியாசம் எவ்வளவுன்னு கேளுங்க, 8ல இருந்து 12 டிகிரி இருந்தா பெரும்பாலும் மெஷின் நல்லா இருக்கு.

அவுட்டோர் யூனிட்டை எங்க வைக்கலாம்? நிழல் போட்டா நல்லதா? தண்ணி தெளிச்சா?

காத்து தாராளமா வந்து தாராளமா போகணும், அதுதான் முதல் விஷயம், நிழல் ரெண்டாவதுதான். நிழலுக்காக பெட்டி மாதிரி கூண்டு கட்டி அடைக்கிறாங்க பாருங்க, அதைவிட வெயில்ல இருக்கிறது எவ்வளவோ மேல். அடைச்சு வச்சா வெளிய தள்ளுன சூடான காத்தையே திரும்ப இழுக்கும், 35 டிகிரி காத்து கிடைக்க வேண்டிய இடத்துல 45 டிகிரி காத்து கிடைக்கும். ஒண்ணு எதிர்ல ஒண்ணு, ஒண்ணு மேல ஒண்ணுன்னு யூனிட் மாட்டுறதும் இதே தப்புதான். தண்ணி தெளிச்சா திறன் கூடும், உண்மைதான், ஆனா உப்புத் தண்ணி, கடின நீர்னா காயில்ல வெள்ளையா படிஞ்சு அரிச்சிடும், அப்புறம் வருஷம் பூரா நஷ்டம்.

வருஷா வருஷம் கேஸ் போடணும்னு சொல்றாங்களே?

கேஸ் பெட்ரோல் இல்லங்க, எரிஞ்சு தீர. மூடின வட்டத்துக்குள்ள சுத்திகிட்டே இருக்கும், லீக் இல்லாத மெஷின்ல அதோட ஆயுசு முழுக்க அதே கேஸ்தான். குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை இருக்கு. ஓட்டையைக் கண்டுபிடிக்காம கேஸ் மட்டும் போட்டுட்டுப் போறவரு அடுத்த வருஷமும் வருவார், இதை மனசு கஷ்டத்தோடதான் சொல்றேன், நம்ம தொழில்லயே இது நடக்குது.

கம்மியா இருந்தாலும் நஷ்டம், அதிகமா இருந்தாலும் நஷ்டம். கம்மின்னா காயில்ல பாதிதான் வேலை செய்யும், அதிகம்னா கண்டன்சர்ல (கேஸ் திரவமாகுற வெளிப்பக்க காயில்) திரவம் தேங்கி பிரஷர் ஏறும். கை வச்சுப் பாத்து, பைப் வேர்க்குதான்னு பாத்து அளவு சொல்ற காலம் போச்சு. மெஷின் மேல ஒட்டியிருக்கிற தகட்டுல எத்தனை கிராம்னு போட்டிருக்கும், பழசை மெஷின் வச்சு உறிஞ்சி எடுத்துட்டு, லீக்கை அடைச்சு, வாக்குவம் போட்டு, தராசுல எடை பாத்து போடுறதுதான் முறை.

வாக்குவம் பத்தி ஒரு வார்த்தை. புதுசா மாட்டும்போது பைப்புக்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் பம்ப் போட்டு 500 மைக்ரான் (வாக்குவத்தை அளக்கிற அலகு) அளவுக்கு இழுக்கணும், நிறுத்தினப்புறம் அந்த அளவு ஏறாம நிக்குதான்னு பாக்கணும். சில பேர் கொஞ்சம் கேஸைத் திறந்து விட்டு "காத்து போயிடுச்சு"ன்னு முடிச்சிடுவாங்க. உள்ள தங்கின காத்து கண்டன்சர்ல திரவமாகாது, இடத்தை அடைச்சுகிட்டு நிக்கும், முதல் நாள்ல இருந்தே பிரஷரும் கரண்டும் கூட. மெஷின் அஞ்சு ஸ்டாரா இருந்தாலும் மாட்டுன விதத்துல அது போயிடும். மாட்டுற அன்னைக்கு பக்கத்துல நின்னு பாருங்க, வாக்குவம் பம்ப் வந்திருக்கான்னு முதல்லயே கேளுங்க.

மெஷினைத் தவிர ரூம்ல என்ன பண்ணலாம்?

வெயில் நேரா விழுற ஜன்னலை முதல்ல பாருங்க. சாயங்கால வெயில் விழுற மேற்கு ஜன்னல் 2 சதுர மீட்டர் இருந்தா, சாதா கண்ணாடி வழியா ஒரு கிலோவாட் பக்கம் சூடு உள்ள வரும், ஒரு டன் மெஷினோட திறன்ல கால் பங்குக்கு மேல அந்த ஒரு ஜன்னலே தின்னுடும். உள்ள திரை போட்டா கொஞ்சம்தான் குறையும், ஏன்னா வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்தாச்சு, திரை சூடாகி அந்தச் சூடு ரூமுக்குள்ளதான் இருக்கும். வெளிப்பக்கம் தட்டி, ஷேடு, மரம் எதுவா இருந்தாலும் கண்ணாடிக்கு முன்னாடியே தடுக்கணும். மேல் மாடின்னா கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளை பூச்சு, அதுக்கப்புறம் இன்சுலேஷன். டக்ட் ஏசின்னா (கூரைக்கு மேல ஓடுற குழாய் வழியா குளிர்காத்தை அனுப்புற ஏசி) டக்ட் ஜாயிண்ட்ல லீக் பாருங்க, கூரைக்கு மேல யாரும் இல்லாத இடத்தைக் குளிர வச்சுகிட்டு இருக்கும்.

ஃபிரிட்ஜ்ல என்ன பாக்கணும்? அது சின்ன மெஷின்தானே?

சின்னதுதான், ஆனா 24 மணி நேரம், 365 நாள் ஓடுது. கதவு ரப்பரை முதல்ல பாருங்க: ஒரு பேப்பர் துண்டை கதவுல வச்சு மூடி இழுங்க, தடையே இல்லாம வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல காத்து போகுது. நாலு பக்கமும், மூலை மூலையா இப்படிப் பாருங்க, கீழ் மூலையிலதான் பெரும்பாலும் போயிருக்கும். அழுக்கா இருந்தா சோப்புத் தண்ணில துடைச்சாலே பாதி சரியாயிடும்.

டெம்பரேச்சர் கீழ்ப்பகுதி 3ல இருந்து 4, ஃப்ரீசர் மைனஸ் 18. இதுக்குக் கீழ போறது வீண். ஃப்ரீசரை மைனஸ் 24ல வச்சா ரெண்டு பக்கமும் அடி, ஏத்துற உயரம் கூடுறதால பத்து சதவீதத்துக்கு மேல, ரூமுக்கும் உள்ளுக்கும் வித்தியாசம் கூடி சூடு அதிகமா நுழையுறதால இன்னொரு பத்து சதவீதத்துக்கு மேல, ரெண்டும் பெருக்கி கிட்டத்தட்ட கால் பங்கு கரண்ட் கூடிடும்.

பின்னாடி, மேல இடம் விடுங்க, அடுப்பு பக்கத்துலயும் வெயில் படுற இடத்துலயும் வைக்காதீங்க. சூடான பாத்திரத்தை அப்படியே உள்ள வைக்காதீங்க, ஒரு லிட்டர் தண்ணிய 80 டிகிரில வச்சா 30 டிகிரில வச்சதைவிட மூணு மடங்கு சூட்டை மெஷின் எடுக்கணும், பக்கத்துல இருக்கிற பொருளும் சூடாகும். அதுக்காக ராத்திரி முழுக்க வெளிய வச்சு கெடுத்துடாதீங்க, சூடு தணிஞ்சதும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும். ஃப்ரீசர்ல ஐஸ் அரை சென்டிமீட்டர் தடிமன் வந்தா நிறுத்தி உருக விடுங்க, கத்தி வச்சுக் குத்தாதீங்க, அந்த அலுமினியத்துக்குள்ளதான் கேஸ் ஓடுது.

கோல்ட் ரூம், கடை ஷோகேஸ் ஃபிரிட்ஜ் வச்சிருக்கோம், எங்க ஆரம்பிக்கிறது?

கதவுல ஆரம்பிங்க. முன்பக்கம் திறந்த நிமிர்ந்த ஷோகேஸ்ல உள்ள வர்ற சூட்டுல பெரும்பகுதி, முக்கால் பங்கு பக்கம், வெளிக் காத்து கலக்குறதாலதான் வருது, கண்ணாடிக் கதவு போட்டா செலவு அந்த இடத்துலயே விழுந்துடும். கதவு போட முடியலன்னா கடை மூடுற நேரத்துக்கு இழுத்து விடுற திரையாவது போடுங்க. கோல்ட் ரூம் வாசல்ல தொங்குற பிளாஸ்டிக் பட்டை கிழிஞ்சிருந்தா, ஆளுங்க அதைத் தூக்கி கட்டி வச்சிருந்தா, உள்ள காயில் மேல ஐஸ் மலை மாதிரி நிக்கும், ரெண்டையும் சேர்த்துப் பாருங்க, எப்பவும் சேர்ந்துதான் இருக்கும். ஐஸ் ஒரு போர்வை, சூட்டையும் விடாது காத்தையும் விடாது.

உள்ள எரியுற லைட், உள்ள ஓடுற ஃபேன் இதெல்லாம் ரெண்டு தடவ செலவு. ஃபேன் எடுக்கிற கரண்ட் ஒண்ணு, அது உள்ளயே சூடா மாறி அதை வெளிய தள்ள கம்ப்ரசர் எடுக்கிற கரண்ட் இன்னொண்ணு. ஃபேன்ல இருக்கிற பழைய ஷேடட் போல் மோட்டாரை (கரண்ட் அதிகம் தின்னுற பழைய வகை) எடுத்துட்டு இசி மோட்டார் (கம்மியா எடுக்கிற புது வகை) மாத்தினா மின்சாரம் மூணுல ஒரு பங்காக் கூட வரும். டிஃப்ராஸ்ட் ஹீட்டரை (காயில் மேல இருக்கிற ஐஸை உருக்குற ஹீட்டர்) ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவன்னு டைமர்ல வச்சிருப்பாங்க, மழை நாளுக்கும் பனி நாளுக்கும் அதே கணக்கு, ஐஸ் எவ்வளவுன்னு பாத்து ஓட்டுற கன்ட்ரோல் வந்தாச்சு, அதைக் கேளுங்க.

பெரிய பிளான்ட்ல ஒரு விஷயம் எனக்கு எப்பவும் ஆதங்கம். வெளிய 40 டிகிரி அடிக்கிற நாளுக்கு செட் பண்ண கண்டன்சர் பிரஷரையே ராத்திரி 20 டிகிரிலயும் வேணும்னே பிடிச்சு வச்சிருப்பாங்க, பழைய எக்ஸ்பான்ஷன் வால்வு (உள்பக்க காயிலுக்கு திரவத்தை அளந்து விடுற வால்வு) அந்த பிரஷர் இல்லாம சரியா ஓடாதுங்கிறது காரணம். எலக்ட்ரானிக் வால்வு மாட்டி, வெளிய குளிர்ந்தா பிரஷரும் கூடவே இறங்குற மாதிரி விட்டா, அந்த ராத்திரி மணி நேரமெல்லாம் இலவசமா கிடைச்ச உயரக் குறைவு. அதோட கம்ப்ரசர்ல இருந்து வெளிய வர்ற சூடான கேஸ்ல ஒரு பகுதிச் சூட்டை எடுத்து கழுவுறதுக்கு வெந்நீர் போடலாம், வெந்நீருக்குத் தனி ஹீட்டர் ஓட்டிகிட்டு பக்கத்துலயே சூட்டை வானத்துல கொட்டுற இடங்க நிறைய.

சில்லர் இருக்கிற கட்டடத்துக்கு?

எழுதி வைக்கிற பழக்கம் வேணும். கண்டன்சர் தண்ணி வெளிய வர்ற டெம்பரேச்சருக்கும் கேஸ் திரவமாகுற டெம்பரேச்சருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை தினம் எழுதுங்க, அது மெல்ல மெல்ல ஏறுனா டியூப்ல உப்பு படியுதுன்னு அர்த்தம், பிரஷ் போடுற நாள் வந்துடுச்சு. குளிர்ந்த தண்ணிய எப்பவும் 7 டிகிரில வைக்கணும்னு சட்டம் இல்ல, வெளிய சூடும் ஈரமும் கம்மியா இருக்கிற நாள்ல 9 வச்சாலும் யாருக்கும் தெரியாது, டிகிரிக்கு 2, 3 சதவீதம் மிச்சம். பம்ப் எல்லாத்துக்கும் வேகம் மாத்துற டிரைவ் போட்டிருப்பாங்க, போய் பாத்தா 50 ஹெர்ட்ஸ்லயே, அதாவது முழு வேகத்துலயே நிறுத்தி வச்சு வால்வை பாதி மூடி வச்சிருப்பாங்க, அதைத் திறந்து விட்டு வேகத்தைக் குறைங்க.

எந்த கேஸ் நல்லது?

கரண்ட் மிச்சத்துல கேஸைவிட மெஷின் டிசைனுக்குத்தான் பங்கு அதிகம். ஆனா பூமிக்கு கேஸ் முக்கியம். காத்துல கலந்தா பூமியை எவ்வளவு சூடாக்கும்னு பாக்கிறதுல கார்பன் டை ஆக்சைடை 1ன்னு வச்சா, 100 வருஷக் கணக்குல ஆர்-22 வந்து 1810, ஆர்-410ஏ 2088, ஆர்-32 வந்து 675, புரொப்பேன் அதாவது ஆர்-290 வெறும் 3 பக்கம். ஒரு கிலோ ஆர்-410ஏ லீக் ஆனா ரெண்டு டன் கார்பன் டை ஆக்சைடு விட்ட மாதிரி. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் ஓசோனைக் கெடுக்கிற கேஸைக் குறைச்சது, 2016ல ருவாண்டாவோட கிகாலியில பண்ண திருத்தம் இந்த சூடேத்துற எச்எஃப்சி கேஸைக் குறைக்குது, 2019 ஜனவரி 1ல இருந்து நடைமுறையில இருக்கு. வீட்டு ஃபிரிட்ஜ்ல பெரும்பாலும் ஆர்-600ஏ (ஐசோபியூட்டேன்) வந்துடுச்சு. ஒரே ஒரு எச்சரிக்கை: ஆர்-22 மெஷின்ல யாராவது புரொப்பேன் போட்டுத் தரேன்னு சொன்னா சம்மதிக்காதீங்க, அது தீப்பிடிக்கிற கேஸ், அதுக்குன்னு செஞ்ச மெஷின்ல மட்டும்தான் போடணும்.

பிளக்ல சொருகுனா பாதி பில் குறையும்னு ஒரு பெட்டி விக்கிறாங்களே?

வாங்காதீங்க. உள்ள ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், வீட்டு மீட்டர் கணக்கு எடுக்கிற யூனிட்டை அது குறைக்காது. அந்தக் காசுக்கு கதவு ரப்பர் மாத்துங்க.

பழைய மெஷினை எப்ப மாத்துறது?

முதல்ல அளந்து பாருங்க. பிளக்குக்கு நடுவுல மாட்டுற யூனிட் மீட்டர் கிடைக்கும், ஃபிரிட்ஜுக்கு ஒரு வாரம் மாட்டி வைங்க, ஒரே நாள் பாத்தா டிஃப்ராஸ்ட் ஓடுனதா இல்லையாங்கிறதுல கணக்கு மாறிடும். வர்ற எண்ணை 52ஆல பெருக்கி புது மெஷின் மேல ஒட்டியிருக்கிற வருஷ யூனிட்டோட ஒப்பிடுங்க. கழுவி, ரப்பர் மாத்தினப்புறமும் பழசு ரெண்டு மடங்கு எடுக்குதுன்னா மாத்துறதுல தயங்காதீங்க, கம்ப்ரசரே போயிருந்தா அதுக்கு செலவு பண்றதுக்கு முன்னாடியும் இந்தக் கணக்கைப் போடுங்க.

புதுசு வாங்கிட்டு பழசை "ரெண்டாவது ஃபிரிட்ஜா இருக்கட்டும்"னு கொல்லைப்பக்கமோ மாடிப்படி கீழயோ வச்சு ஓட்டுறாங்க, ரெண்டு பாட்டில் தண்ணிக்காக. அப்படி வச்சா மிச்சம் பண்ண வாங்குன புதுசோட சேர்த்து மொத்த செலவு முன்னைவிட கூடிடும். பழசைக் கொடுக்கும்போது பைப்பை வெட்டி கேஸைக் காத்துல விட்டு செம்பை எடுக்கிறவங்ககிட்ட கொடுக்காம, கேஸை சிலிண்டர்ல உறிஞ்சி எடுக்கிற ஆளா பாத்துக் கொடுங்க, எடுக்கும்போது கூட நின்னு பாத்துக்கோங்க.